ஸ்டியரிங் எண்ணெய்

ஜூலை 3, புதன்

நாலு மணிக்குத் தாராபுரம் காப்பகத்திலிருந்து போன். நந்துவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். வார்டன் அம்மாள்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா என்று கேட்டார். சாந்தாமணி போனைக் காதோடு வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிள்ளை வீட்டை விட்டுப் போய் இருபத்தோரு மாதம். எனக்கும் சந்தோஷம்தான். இல்லையென்று யார் சொன்னது?

வண்டியைத் துடைத்து வைக்கலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் நெல் மூட்டையை நகர்த்துவது போல இருக்கிறது. குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பாக எண்ணெய். பவர் ஸ்டியரிங் எண்ணெய். எங்கேயோ கசிகிறது. என் வலது தோளை வைத்துக்கொண்டு இந்த ஸ்டியரிங்கைத் தாராபுரம் வரை, நாற்பது கிலோமீட்டர், திருப்பிக்கொண்டு போக முடியாது.

சாந்தாமணி வாடகைக் கார் பிடிக்கலாம் என்றாள். நடக்கிற காரியமா? அவனை அங்கே கொண்டுபோனதே வாடகை வேனில்தான். இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றையிலிருந்து வெளி வண்டியிலும் ஏற மாட்டான், பஸ்ஸிலும் ஏற மாட்டான். நம்ம கார் வந்தால்தான் வருவேன் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

"அப்ப ஒரு மெக்கானிக்கக் கூப்புடுங்க" என்றாள். உடுமலையில் இருக்கிற மெக்கானிக் எல்லாரும் நந்துவோடு ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வந்ததும் வராததுமாக நந்து எங்கே என்பார்கள். பெங்களூரில் இருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நானே பார்த்துக்கொள்கிறேன். மில் ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு ஒரு ரப்பர் குழாய் மாற்றத் தெரியாதா?

ஜூலை 4, வியாழன்

ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் துடைத்தேன். துடைத்துவிட்டு முகப்பவுடர் தூவினால் கசிகிற இடம் ஈரமாகத் தெரியும், நந்து செய்து பார்த்திருக்கிறேன். பவுடர் டப்பா காலி. சாமி அலமாரியிலிருந்து விபூதியை எடுத்துத் தூவினேன். பத்தே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பம்பிலிருந்து கீழே போகிற குழாய், வளைவில் வெடித்திருக்கிறது.

சாந்தாமணி வந்து பார்த்து, "பழனி விபூதியவா கொட்டுனீங்க? உங்களுக்கு இருக்கற புத்திக்கு" என்று ஆரம்பித்தாள். வண்டிக்கும் சாமி துணை வேண்டாமா என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து நாளாயிற்று.

ஜூலை 7, ஞாயிறு

இன்று போயிருக்க வேண்டிய நாள். குழாய் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும்.

காப்பகத்தில் புதனும் ஞாயிறும் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் பேச விடுவார்கள். எப்போதும் அம்மாவிடம்தான் பேசுவான். இன்று என்னைக் கேட்டான்.

"எங்கிருந்துங்கப்பா கசியுது?"

"பம்புல இருந்து கீழ போற குழாயி."

"பிரஷர் ஹோஸ். அது பெரிய வேலையில்லீங். ஆனா மேல போல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும், பழசையே போட்ராதீங்க. கீழ நட்டுக்குச் சாதா ஸ்பேனர் போட்டீங்கன்னா மூலை மழுங்கிரும். என்ற பெட்டியில வாய் வெட்டுன ஸ்பேனரு ஒண்ணு கெடக்கும் பாருங்க, அதப் போடுங்க. எண்ணெய ஊத்திட்டு, என்ஜின ஆன் பண்ணாம, ஸ்டியரிங்க இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இருபது தரம் திருப்பணும். காத்தெல்லாம் வெளிய வந்துரும்."

எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

"தோளு எப்பிடி இருக்குதுங்?" என்றான்.

"பரவால்ல."

போனைச் சாந்தாமணியிடம் கொடுத்தேன். குரல் தெளிவாகத்தான் இருக்கிறது. முன்பும் சில நாள் இப்படித் தெளிவாகத்தான் இருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

குழாய் வரவில்லை. தண்ணீர் விட்டார்கள், தொட்டியைக் கழுவி நிரப்பினேன்.

ஜூலை 11, வியாழன்

குழாய் வந்தது. பழசைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடை மேஜைமேல் வைத்தேன். "இது எதுக்குங்கண்ணா?" என்று கடைக்காரன் கேட்டான். மில்லில் பழைய சாமானைக் கொடுத்தால்தான் புதுசு கொடுப்போம். ஒரு பல்பு என்றாலும் பழைய பல்பைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். முப்பத்தொரு வருஷப் பழக்கம், கை தானாக எடுத்து வைத்துவிடுகிறது.

சாந்தாமணி நந்துவின் அறையை இன்றைக்கே கழுவிவிட்டாள். அவன் உடைத்த கண்ணாடிக்குப் பதிலாகப் புதுக் கண்ணாடி மாட்டச் சொல்கிறாள். அதை வண்டி வேலை முடிந்ததும் பார்க்கலாம்.

ஜூலை 14, ஞாயிறு

அஷ்டமி. வண்டியைத் தொடவில்லை.

"ஸ்பேனர் புடிக்கறதுக்கு அஷ்டமி பாக்கற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள் சாந்தாமணி. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே நாள் பார்க்கிறேன் என்றேன். அவள் துணி காயப்போடப் போய்விட்டாள்.

நந்து போனில், "வர்ற வாரம் முடிஞ்சுருமுங்களா?" என்று மட்டும் கேட்டான். முடிஞ்சுரும் என்றேன்.

ஜூலை 15, திங்கள்

காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்தேன். வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து வலது கையைத் தூக்கினால் தோளில் ஊசி குத்துகிறது. இடது கையாலேயே கீழ் நட்டை முடுக்கினேன்.

இந்தத் தோளைப் பற்றி எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? மாடிப் படியில் தள்ளிவிட்டான். மூன்று படிதான். காறை எலும்பு இரண்டாகப் போயிற்று. பெற்ற பிள்ளை தள்ளி விழுந்தவன், வழுக்கி விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். அப்புறம் மனநல டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வேன் வந்தது.

புது வாஷர், புதுக் குழாய். அலமாரியில் நந்து வைத்துவிட்டுப் போன எண்ணெய் டப்பா இருந்தது. ஊற்றினேன். ஸ்டியரிங்கை இருபது தரம் திருப்பினேன். கசிவு இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

ஸ்டியரிங் லேசாகத் திரும்புகிறது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன்.

"இப்பவே போயிட்டு வந்தர்லாமுங்க, நாளைக்கு ஆடி பொறக்குது" என்றாள் சாந்தாமணி. தலைக்குக் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இரண்டு நாள் ஓட்டிப் பார்க்காமல் நம்பி எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்றேன். வழியில் நின்றுவிட்டால் அவனை வைத்துக்கொண்டு நான் நடுரோட்டில் என்ன செய்வேன் என்றேன். அவள் சேலையை மாற்றவே இல்லை. அதே சேலையோடு இராத்திரிச் சமையல் செய்தாள்.

ஜூலை 21, ஞாயிறு

நாளைக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. ஆடியாவது ஒன்றாவது என்று சாந்தாமணி சொல்லிவிட்டாள். சாயங்காலம் வண்டியை எடுத்தால் பம்பு நாய்க்குட்டி மாதிரி முனகுகிறது. ஸ்டியரிங் மறுபடியும் கனம். கீழே எண்ணெய். இந்தத் தடவை குழாயில் இல்லை, பம்பிலிருந்தே ஒழுகுகிறது.

சாந்தாமணிதான் போனில் அவனிடம் சொன்னாள். என்னால் சொல்ல முடியவில்லை.

ஜூலை 24, புதன்

நாலு மணிக்கு நந்து என்னைக் கேட்டான். போனை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனேன்.

"புது ஹோஸ் போட்டு ஆறு நாள்ல பம்பு சீல் போகாதுங்களேப்பா" என்றான். "எண்ணெ டப்பா மூடியத் தொறந்து பாத்தீங்களா? என்ன கலரு?"

"மஞ்சளா இருக்குது."

"செவப்பாத்தான இருக்கோணும்?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கடையில வாங்குனதுங்களா, என்ற அலமாரியில இருந்ததுங்களா?"

"அலமாரியில."

"அதுல ரெண்டு டப்பா. ஒண்ணு ஸ்டியரிங், ஒண்ணு பிரேக்கு. ரெண்டுலயும் நானே பெருசா எழுதி ஒட்டியிருக்கேன். பிரேக் எண்ணெய ஊத்துனா சீலு ஊதிப் போயிருமுங்கப்பா. உங்களுக்கே தெரியுமே."

அப்புறம், "மோருல கலந்த மாதிரி இதுலயும் கலந்துட்டீங்களாப்பா?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்பது போலக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள், "அம்மாகிட்டக் குடுங்க" என்றான்.

கடையில் தப்பான எண்ணெயைக் கொடுத்துவிட்டார்கள், அப்பா மேல் தப்பில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். சாந்தாமணி அந்தக் கடைக்காரன் குடும்பத்தையே சாயங்காலம் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 25, வியாழன்

ஸ்டோரில் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆணி மாற்றிக் கொடுத்ததில்லை நான். டப்பாமேல் எழுதியிருந்ததைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் ஊற்றினேன்.

இங்கே எழுதினால் என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? மோர் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். மாத்திரை போட மாட்டேன் என்று அடம்பிடித்தான். டாக்டரிடம் கேட்காமல், சாந்தாமணியிடமும் சொல்லாமல், நானே பொடித்து மோரில் கலந்து வைத்தேன். ஐந்து மாதம். அவள் தெரியாமல் எடுத்துக் கொடுத்தாள், அவன் குடித்தான். ஒரு நாள் டம்ளர் அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்ததைப் பார்த்துவிட்டான். "இதுல என்ன கலந்தீங்க?" என்று மாடிப்படியில் வழி மறித்துக் கேட்டான். ஒன்றும் கலக்கவில்லை, உனக்குத்தான் புத்தி சரியில்லை என்றேன். அப்போதுதான் தள்ளினான்.

'தந்தை உணவில் மருந்து கலப்பதாக நம்புகிறார்.' காப்பகத்து ஃபைலில் இப்படி எழுதியிருக்கிறது. அவன் நோய்க்கு அதுதான் முதல் சாட்சி. அதைப் படித்துப் பார்த்துத்தான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு அவனைப் பார்த்தால் பயம். மறுபடியும் தள்ளிவிடுவான் என்ற பயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தால் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவான். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஜூலை 26, வெள்ளி

பம்பு சொல்லி வைத்தேன். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்யப் போகிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

நந்து பேசவில்லை.

ஜூலை 31, புதன்

இன்றும் பேசவில்லை. கூப்பிட்டோம், வரவில்லை என்றான் என்று வார்டன் அம்மாள் சொன்னார். சாந்தாமணி அஞ்சு மணி வரை போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பெல்ட்டைத் தளர்த்திப் பழைய பம்பைக் கழற்றினேன். மூன்று போல்ட்டுதான், ஆனால் நடு போல்ட்டு வருவதற்கு ஒரு மணி நேரம். புதுப் பம்பை மாட்டிவிட்டு, திரும்புகிற குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சிவப்பு எண்ணெயை ஊற்ற ஊற்ற, சாந்தாமணி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை திருப்பினாள். உதடு அசைய எண்ணிக்கொண்டே திருப்பினாள். மூன்று தடவை இப்படிக் கழுவின பிறகுதான் பாட்டிலில் சுத்தமான சிவப்பு வந்தது. கை வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிச்சா என்னங்க? எண்ணெய ஊத்துங்க" என்றாள்.

அப்புறம் ஷெட்டைக் கூட்டும்போது காலி டப்பா அவள் கையில் கிடைத்தது. ஸ்டோர்க்காரனுக்குக் காலி டப்பாவைத் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை.

"இது நந்து எழுத்தாச்சே. பிரேக்குன்னு போட்டிருக்குது."

"பிரேக்குக்கு ஊத்துனேன்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

ஆகஸ்ட் 3, சனி

பழனி ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு கசிவில்லை. முனகல் இல்லை.

அறைக்குப் புதுக் கண்ணாடி மாட்டினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நேற்று ஆடி அமாவாசை. இன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். சாந்தாமணி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கித் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டாள். வழி முழுக்க, வந்ததும் அவனுக்கு என்னென்ன செய்து போடவேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். வண்டி வெண்ணெய் மாதிரிப் போயிற்று.

நந்து வெளியே வந்தான். இளைத்திருக்கிறான். காதோரம் நரை தெரிகிறது, முப்பது வயது ஆகவில்லை. சாந்தாமணி கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "பானட்டத் தொறங்கப்பா" என்றான். எண்ணெய் மட்டம் பார்த்தான். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தான். உள்ளே உட்கார்ந்து இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினான்.

"நல்லாப் பண்ணியிருக்கீங்கப்பா" என்றான். இறங்கிக் கதவைச் சாத்தினான். "அம்மா, நான் வரலீம்மா."

"என்ன சாமி சொல்ற?"

"இங்கியே இருக்கறேன். காப்பகத்து வேனெல்லாம் நாந்தான் பாத்துக்கறேன். எனக்கு இங்க ஒரு கஷ்டமும் இல்லீம்மா."

சாந்தாமணி கெஞ்சினாள். அறை கழுவி வைத்திருப்பதைச் சொன்னாள். கண்ணாடி மாட்டியிருப்பதைச் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினான். வார்டன் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, பையைக் கட்டி எடுத்துக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தானாம். போன் பேசுவதற்கு மட்டும் உள்ளே வருவானாம். நாலாவது ஞாயிறு பையிலிருந்த துணியைப் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டானாம்.

வேப்ப மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தோம். சாந்தாமணி முதலில் அவனுக்குத்தான் தட்டில் போட்டு நெய் ஊற்றினாள். அவன் கை வைக்கவில்லை. தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினான்.

"மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்புடுங்கப்பா."

நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டான். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாந்தாமணி கரண்டியைப் பிடித்தபடி என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

திரும்பும்போது அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். தாராபுரம் ஊர் தாண்டியதும், "மோருல மருந்து கலந்தீங்கன்னு அன்னைக்கு அவன் சொன்னது நெசமுங்களா?" என்றாள்.

"ஆமா."

"டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

கொஞ்ச தூரம் போனபிறகு, "வண்டியத் திருப்புங்க. அஞ்சு மணி வரைக்கும் டாக்டரு இருப்பாரு. வந்து சொல்லுங்க" என்றாள். திருப்பினேன். ஸ்டியரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது.

காப்பகத்து வாசலில் நிறுத்தியதும் அவள் இறங்கினாள். என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் இறங்க முடியவில்லை. கால் வரவில்லை என்று எழுதினால் பொய். இறங்கவில்லை. அவள் கதவை விட்டுவிட்டுத் தனியாக உள்ளே போனாள்.

அஞ்சரை மணிக்கு வாட்ச்மேன் வந்து, "கேட்டு மூடோணுமுங்க, வண்டிய எடுத்துக்குங்க. அம்மா அவங்க அக்கா ஊட்டுக்குப் போய்க்கறாங்களாமா, உங்களக் கெளம்பச் சொன்னாங்க" என்றான். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.